எண்ணெயும் கணக்கும்: ஈராக் நாட்டின் கதை



ஒரு குடும்பத்தின் நிலையை அறிய விரும்பும் ஒருவர், அக்குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடுவாராயின், அவர் அறிந்தது பாதியே ஆகும். அவ்வருமானம் யார் கையிற் சேர்கின்றது, எதற்குச் செலவாகின்றது, செலவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வீட்டிலுள்ளோருக்கு உண்டா என்னும் வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அக்குடும்பம் வாழுமா தாழுமா என்று கூறல் கூடும். நாடுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதனை விளக்குதற்கு ஈராக் நாட்டின் கதையினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. அக்கதையையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

ஈராக்கின் நிலத்தடியில் ஏறக்குறைய 14,500 கோடி பீப்பாய் எண்ணெய் உண்டென மதிப்பிட்டுள்ளனர். இதனினும் மிகுந்த எண்ணெய் இருப்புடைய நாடுகள் உலகில் நான்கே. 2024 ஆம் ஆண்டளவில் அந்நாடு நாளொன்றுக்கு 40 இலட்சம் பீப்பாய் அளவில் எண்ணெய் எடுத்து வந்தது. அவ்வெண்ணெயிற் பெரும்பகுதி தெற்கேயுள்ள பசராப் பகுதியின் துறைகள் வழியாகவே கப்பலேறுகின்றது. ஆயினும் 2018 ஆம் ஆண்டின் கோடையில், அதே பசராவில், 118,000 பேருக்குக் குறையாதோர் அசுத்த நீரால் நோயுற்று வைத்தியசாலைகளை நாடினர். காலடியில் எண்ணெய்க் கடல் கிடக்க, குடிக்க ஒரு குவளை நல்ல நீர் இல்லை. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது?

ஈராக் வறண்ட பாலை நாடு என்று எண்ணுவோர் பலர். தைகிரீஸ், யூபிரத்தீஸ் என்னும் இரு பேராறுகள் வளஞ் செய்த நாடு அது. மனிதன் முதன்முதல் நகரம் அமைத்து வாழ்ந்த இடங்களுள் ஒன்று. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்னர், ஊருக் முதலிய சுமேரிய நகரங்களில் ஈரக் களிமண் பலகைகளின் மீது நாணற் கோலால் கீறப்பட்ட எழுத்துகளே உலகில் நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளுள் மிகத் தொன்மையானவை. அவற்றில் எழுதப்பட்டவை யாவை? பெரும்பாலும் கணக்குகள். களஞ்சியத்துக்கு வந்த பார்லி எவ்வளவு, மந்தையில் ஆடுகள் எத்தனை, கூலியாகக் கொடுத்தது எவ்வளவு என்பன அவை. கணக்கெழுதும் கலையை உலகுக்குத் தந்த மண், பிற்காலத்தில் தன் செல்வத்தின் கணக்கைத் தானே காண இயலாத நிலைக்கு வந்ததே இக்கதையின் சோகம்.

கி. பி. 762 இல் கலீபா அல் மன்சூர் பக்தாத் நகரை நிறுவினார். அந்நகரம் சில நூற்றாண்டுகள் கல்விக்கும் வாணிகத்துக்கும் உலகின் தலைநகர்போல் விளங்கிற்று. 1258 இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை அதனை அழித்தது. பின்னர் நாடு உதுமானியத் துருக்கியர் ஆட்சியின் கீழ் வந்தது. அவர்கள் காலத்தில் மொசூல், பக்தாத், பசரா என மூன்று மாகாணங்களாக அது ஆளப்பட்டது. அங்கே அராபியர், குர்தியர், துருக்குமானியர் எனப் பல இனத்தவரும், சியா முஸ்லிம்கள், சுன்னி முஸ்லிம்கள், கிறித்தவர், யூதர், யசீதியர், மந்தேயர் எனப் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். முதலாவது உலகப் போரில் துருக்கியர் தோற்றனர். 1920 இல் நாட்டின் ஆணைப்பொறுப்பு பிரித்தானியாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர், 1921 இல் மக்காவின் ஹாசிமிக் குடும்பத்து இளவரசர் பைசாலை மன்னராக முடிசூட்டினர். 1932 இல் ஈராக் சுதந்திர நாடாகச் சர்வதேச சங்கத்திற் சேர்ந்தது.

இனி எண்ணெயைப் பார்ப்போம். கிர்க்கூக் நகரின் அருகே பாபா குர்குர் என்னும் இடத்தில் நிலத்திலிருந்து கசியும் வாயு தொன்றுதொட்டு எரிந்துகொண்டிருந்தது. 1927 ஒக்டோபரில் அங்கே தோண்டிய கிணற்றிலிருந்து எண்ணெய் வானளாவப் பீறிட்டுப் பல நாள் அடங்காது பாய்ந்தது. ஆனால், அவ்வெண்ணெய் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1925 இல், அதனை எடுக்கும் உரிமை 75 ஆண்டுக் காலத்துக்கு ஒரு கம்பனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. துருக்கிப் பெற்றோலியக் கம்பனி என்றிருந்த அது, 1929 இல் ஈராக் பெற்றோலியக் கம்பனி எனப் பெயர் மாறிற்று. பெயரில் ஈராக் இருந்தது. பங்கில் ஈராக் இல்லை. பிரித்தானிய, ஒல்லாந்த, பிரெஞ்சு, அமெரிக்கக் கம்பனிகள் நான்கு கூட்டுகளாகச் சமபங்கு கொள்ள, எஞ்சிய நூற்றுக்கு 5 பங்கு குல்பெங்கியன் என்ற ஆர்மீனிய வணிகருக்குச் சென்றது. ஈராக்குக்கு நூற்றுக்கு 20 பங்கு அளிக்கலாம் என 1920 இல் சான் ரெமோ மாநாட்டிற் பேசப்பட்ட பேச்சு பேச்சாகவே போயிற்று. தொன்னுக்கு நான்கு சிலிங் பொன் என்ற கட்டணமே நாட்டுக்குக் கிடைத்தது. எவ்வளவு எண்ணெய் எடுப்பது, எவ்விலைக்கு விற்பது என்பனவற்றைக் கம்பனியே தீர்மானித்தது. முதற் கணக்குப் புத்தகம் இவ்வாறு இலண்டனில் இருந்தது.

1952 இல் இலாபத்தைச் சரிபாதியாகப் பங்கிடும் உடன்படிக்கை ஏற்பட்டது. அரசாங்கத்தின் வருமானம் விரைந்து பெருகிற்று. அதில் நூற்றுக்கு 70 பங்கை எதிர்கால ஆக்க வேலைகளுக்கென ஒதுக்குமாறு ஓர் அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டிருந்தது. இது போற்றத்தக்க ஏற்பாடு. 1954 இல் பக்தாத்தை அச்சுறுத்திய வெள்ளம் போன்றவற்றைத் தடுப்பதற்கு, 1956 இல் சமாராவில் தைகிரீஸ் ஆற்றின் குறுக்கே அணை அமைத்து, மிகுநீரைத் தார்தார் பள்ளத்துக்குத் திருப்பினர். ஆனால், நீர் பாய்ந்த நிலங்களிற் பெரும்பகுதி ஒரு சில பெருநிலக்கிழார்களின் உடைமையாக இருந்தது. உழுத குடியானவன் கடனிலும் வறுமையிலும் உழன்று, ஊரை விட்டுப் பக்தாத்தின் புறத்தே நாணற் பாயும் மண்ணும் கொண்டு குடிசை கட்டினான். அணைகள் உயர்ந்தன, அவன் குடிசை உயரவில்லை. 1958 ஜூலை 14 ஆம் நாள் படையினர் முடியாட்சியைக் கவிழ்த்தபோது, அக்குடிசைவாசிகள் வீதிகளில் திரண்டு வரவேற்றமைக்குக் காரணம் இதுவே.

புரட்சித் தலைவர் அப்துல் கரீம் காசிம் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொணர்ந்தார். 1959 இல் நசீஹா அல் துலைமி என்னும் பெண் மருத்துவரை அமைச்சராக்கினார். அராபிய நாடுகளில் அமைச்சுப் பதவியேற்ற முதற் பெண்மணி அவரே. 1960 செப்ரெம்பரில் ஈராக், ஈரான், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளும் பக்தாத்திற் கூடி, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பாகிய ஓபெக்கைத் தோற்றுவித்தன. 1961 இல் வந்த 80 ஆம் இலக்கச் சட்டம், கம்பனி பயன்படுத்தாது வைத்திருந்த நிலத்தை மீட்டது. உரிமைப் பரப்பில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேற்பட்டது இவ்வாறு மீண்டது. காசிம் 1963 இற் கொல்லப்பட்டார். 1968 இல் பாத் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிற்று. 1972 ஜூன் 1 ஆம் நாள் ஈராக் பெற்றோலியக் கம்பனி தேசியமயமாக்கப்பட்டது. கணக்குப் புத்தகம் பக்தாத்துக்கு வந்து சேர்ந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர்.

அடுத்த ஆண்டே உலகில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிற்று. 1980 இல் ஈராக்கின் எண்ணெய் வருமானம் ஏறக்குறைய 2,600 கோடி டொலரை எட்டியது. அக்காலத்தில் நன்மைகள் பல விளைந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. வைத்தியசாலைகளும் வீதிகளும் மின்சாரமும் கிராமங்களை அடைந்தன. 1978 இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது. பெண்கள் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியைகளாகவும் பணிபுரிந்தனர்.

ஆனால், நேயர்களே, இங்கேதான் நாம் நின்று நோக்க வேண்டும். குடிகளிடம் இறைவரி வாங்கி நடக்கும் அரசாங்கம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குடிகளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வரி கொடுப்போன் கணக்குக் கேட்பான். கணக்குச் சொல்லாவிடின் வரி கொடுக்க மறுப்பான். பாராளுமன்றங்கள் வளர்ந்த வரலாற்றில் இதற்குப் பெரும் பங்குண்டு. நிலத்தடி எண்ணெயிலிருந்து பணம் பெறும் அரசாங்கத்துக்கோ குடிகளின் தயவு வேண்டுவதில்லை. குடிகளே அரசாங்கத்தின் தயவை நாடி நிற்பர். சம்பளம் கொடுப்பது அது. வீடு கொடுப்பது அது. வேவு பார்ப்போரை வைப்பதும் அதுவே. கம்பனியிடமிருந்து மீண்ட கணக்குப் புத்தகம் நாட்டு மக்களின் கைக்கு வரவில்லை; ஒரு கட்சியின் கைக்கு வந்தது. 1979 இல் சதாம் ஹுசைன் சனாதிபதியானபோது அது ஒரு மனிதரின் கைக்கு வந்தது.

அதன் விளைவு விரைவிலே தெரிந்தது. 1980 செப்ரெம்பர் 22 இல் ஈராக்கியப் படை ஈரானுக்குட் புகுந்தது. தடுத்துக் கேட்கும் மன்றமும் இல்லை, எழுதும் பத்திரிகையும் இல்லை. எட்டாண்டு நடந்த அப்போரில் இரு பக்கத்தும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கையிருப்போடு போருக்குச் சென்ற நாடு பல்லாயிரம் கோடி டொலர் கடனோடு திரும்பிற்று. 1988 இல், போரின் இறுதிக் கட்டத்தில், வடக்கேயுள்ள குர்தியக் கிராமங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் 16 ஆம் நாள் ஹலப்ஜா நகரில் வீசப்பட்ட நச்சு வாயுவால் ஏறக்குறைய 5,000 பேர் மாண்டனர்.

கடன் தாங்காத ஆட்சி, 1990 ஓகஸ்ட் 2 ஆம் நாள் எண்ணெய் வளமிக்க அயல்நாடாகிய குவைத்தைக் கைப்பற்றிற்று. அந்நாள் எம் இலங்கை மக்களும் மறக்கலாகாத நாளாகும். குவைத்தில் வீட்டுப் பணியும் பிற தொழிலும் செய்துவந்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர், சம்பளமும் சேமிப்பும் இழந்து, பாலைவனங் கடந்து ஊர் திரும்பினர். 1991 இல் ஈராக்கியப் படை குவைத்தினின்று விரட்டப்பட்டது. ஆக்கிரமிப்பால் இழப்புற்றோருக்கு ஐக்கிய நாடுகள் சபை வழியாக நட்டஈடு வழங்கப்பட்டது. எம் நாட்டுத் தொழிலாளரும் அதிற் பங்கு பெற்றனர். அப்பணம் எங்கிருந்து வந்தது? ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டது. மொத்தம் 5,240 கோடி டொலரை அந்நாடு செலுத்தி முடிக்க 2022 ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதர் செய்த முடிவுக்கு, அப்போது பிறந்திராத பிள்ளைகளும் முப்பது ஆண்டு கடனிறுத்தனர்.

1990 ஓகஸ்டில் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை பதின்மூன்று ஆண்டு நீடித்தது. நாணயம் மதிப்பிழந்தது. ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டொலருக்கு மேற் பெறாதாயிற்று. கற்றோர் தம் நூல்களை விற்றுண்டனர். பக்தாத்தின் அல் முத்தனபி வீதியில் அந்நூல்கள் நடைபாதையிற் பரப்பி விற்கப்பட்டன. கூப்பன் அரிசி என்றால் என்னவென்று எம் நாட்டு முதியோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஈராக்கியர் அனைவரும் அத்தகைய பங்கீட்டு அட்டையாலேயே உயிர் வாழ்ந்தனர். மா, அரிசி, சீனி, எண்ணெய், தேயிலை ஆகியவற்றுக்கு மாதந்தோறும் அரசாங்கத்தையே எதிர்பார்த்து நின்றனர். ஆட்சியைத் தளர்த்துவதற்கென வந்த தடை, மக்களைத் தளர்த்தி ஆட்சியின் பிடியை இறுக்கிற்று.

1996 இன் இறுதியில், உணவுக்கு எண்ணெய் என்னும் திட்டப்படி எண்ணெய் விற்க அனுமதி கிடைத்தது. விற்ற பணம் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கிற் சேர்ந்தது. ஏறக்குறைய 6,400 கோடி டொலருக்கு எண்ணெய் விற்கப்பட்டது. 2005 இல் வெளியான விசாரணை அறிக்கை, 2,000 க்கும் மேற்பட்ட கம்பனிகள் அத்திட்டத்தில் ஈராக்கிய ஆட்சிக்கு மறைமுகப் பணம் செலுத்தியதாகக் கூறிற்று. கணக்கு உலக மன்றத்திடம் இருந்த காலத்திலும் ஈராக்கிய மக்களுக்கு அது தெரியாத கணக்காகவே இருந்தது.

2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் படையெடுத்தன. படையெடுப்புக்குக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் அங்கே கிடைக்கவில்லை. ஏப்பிரலில் பக்தாத் வீழ்ந்தபோது தேசிய நூதனசாலை சூறையாடப்பட்டது. சுமேரியக் காலப் பொருள்கள் பல களவு போயின. எண்ணெய் அமைச்சின் கட்டடத்துக்கோ படைக் காவல் இருந்தது. மே மாதத்தில் ஈராக்கியப் படை ஒரே கட்டளையாற் கலைக்கப்பட, இலட்சக்கணக்கானோர் ஆயுதப் பயிற்சியோடும் வேலையின்றியும் வீதிக்கு வந்தனர். எண்ணெய் வருமானம் நியூயோர்க்கிலுள்ள மத்திய வங்கிக் கிளையின் கணக்கிற் சேர்க்கப்பட்டது. பசராவின் ஏற்றுமதித் துறைகளில், ஏற்றப்படும் எண்ணெயை அளக்கும் ஒழுங்கான கருவிகள் பல ஆண்டு இல்லாதிருந்தமையைச் சர்வதேசக் கண்காணிப்புச் சபை மீண்டும் மீண்டும் சுட்டிக் காட்டிற்று. ஆட்டையும் பார்லியையும் எண்ணி எழுதிய நாட்டில், எண்ணெய் அளக்கப்படாமலே கப்பலேறியது.

2005 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, எண்ணெயும் வாயுவும் ஈராக்கிய மக்கள் அனைவருக்கும் உரியன என்று கூறுகின்றது. சொல் நன்று. செயலில், அமைச்சுகள் சமய, இனக் கட்சிகளுக்குப் பங்கு வைக்கப்பட்டன. ஒவ்வோர் அமைச்சும் ஒவ்வொரு கட்சியின் களஞ்சியமாயிற்று. 2006 இல் சமாராவின் புனிதத் தலம் குண்டால் தகர்க்கப்பட்டதன்பின், அடுத்தடுத்து வாழ்ந்த அயலவர் ஒருவரையொருவர் அஞ்சி ஓடினர். வீதிகள் மதில்களாற் பிரிக்கப்பட்டன. 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ. எஸ். இயக்கத்தின் கையில் வீழ்ந்தது. கிறித்தவர் துரத்தப்பட்டனர், யசீதியர் கொன்று குவிக்கப்பட்டனர், அவர்தம் பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். 2017 ஜூலையில் நகரம் மீண்டபோது அதன் பழைய பகுதி கற்குவியலாகக் கிடந்தது.

இன்றைய பொருளாதாரத்தின் அடிப்படை நோய் யாது? அரசாங்க வருமானத்தில் நூற்றுக்கு 90 பங்களவு எண்ணெயிலிருந்து வருகின்றது. ஆனால், எண்ணெய்த் தொழில் வேலை கொடுப்பதோ தொழிலாளருள் நூற்றுக்கு ஒருவர் அளவினருக்கே. எஞ்சியோர் அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர். 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அரசாங்கச் சம்பளம் பெறுகின்றனர். எண்ணெய் விலை விழும் ஆண்டில் சம்பளம் தடுமாறும். எண்ணெயோடு வெளிவரும் வாயுவிற் பெரும்பகுதி பல்லாண்டுகளாக வீணே எரிக்கப்பட, மின்சாரத்துக்கு வேண்டிய வாயுவை ஈரானிடம் விலைக்கு வாங்கினர். கோடையின் கடும் வெயிலில் மின்சாரம் இல்லாது, தெருவுக்குத் தெரு தனியார் இயந்திரங்களுக்குப் பணம் கட்டி விளக்கேற்றினர். வரிப்பணத்திலிருந்து 250 கோடி டொலர் ஓர் அரசாங்க வங்கியின் வழியே களவாடப்பட்ட செய்தி 2022 இல் வெளியாயிற்று. எந்நாட்டிலும் நடக்கக்கூடிய களவுதான். ஆயினும் ஓராண்டுக் காலம் எவரும் தடுக்கவில்லை என்பதே கருதத்தக்கது.

2019 ஒக்டோபரில் ஈராக்கிய இளைஞர் வீதிக்கு வந்தனர். பக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் அவர்கள் எழுப்பிய குரல், தமக்கு ஒரு நாடு வேண்டும் என்பதே. எண்ணெயிற் பங்கு வேண்டும் என்பதினும் ஆழமான வேண்டுகோள் அது. நாம் இங்கே நாள்தோறும் காணும் முச்சக்கர வண்டிகளே அங்கே காயமுற்றோரை ஏற்றிச் சென்றன. ஏழைச் சாரதிகள் கூலி வாங்காது ஓடினர். கிளர்ச்சிக்காரர் வெளியிட்ட பத்திரிகைக்கு அவ்வண்டியின் பெயரையே இட்டனர். சாரதிகளுட் பலர் சதர் நகரத்துப் பிள்ளைகள். அந்நகரத்தின் வரலாறு சிந்திக்கத்தக்கது. குடிசைவாசிகளுக்கெனக் காசிம் அமைத்தபோது அது புரட்சி நகரம். பின்னர் அது சதாம் நகரம். 2003 இன் பின்னர் சதர் நகரம். பெயர் மூன்று முறை வந்தது. வடிகாலும் குடிநீரும் ஒரு முறையேனும் ஒழுங்காக வரவில்லை. அக்கிளர்ச்சியிற் பல நூறு பேர் சுடப்பட்டு மாண்டனர். பிரதமர் பதவி விலகினார்.

எண்ணெயே சாபம் என்பார் உளர். அவ்வாறாயின் நோர்வே நாடு அழிந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் கிடைக்குமுன்னரே மக்கள் கணக்குக் கேட்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 1990 இற் சட்டமியற்றி, எண்ணெய்ப் பணத்தை வருங்காலச் சந்ததிக்கென வெளிப்படையாகச் சேமித்தனர். ஈராக்கில் அம்முறை வேரூன்ற விடப்படவில்லை. அந்நியக் கம்பனியும் அரசனும் படைத்தலைவரும் கட்சியும் படையெடுத்தோரும் ஒருவர் பின் ஒருவராகக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டனர்.

இந்நிலையில் நம்பிக்கை தரும் ஒரு சிறு செய்தியும் உண்டு. 2024 நவம்பரில் ஈராக் முழுவதும் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. நாடு முழுவதையும் அடக்கிய மதிப்பு 1987 இன் பின்னர் அதுவே முதலாவது. சனத்தொகை 4 கோடியே 61 இலட்சம் எனத் தெரிய வந்தது. பீப்பாய்களைப் பற்றி உலகமே பேசிய முப்பத்தேழு ஆண்டுகள், அந்நாட்டு மனிதரை ஒருங்கே எவரும் எண்ணவில்லை. எத்தனை பேர் என்று அறிந்த பின்னரே எத்தனை பள்ளி, எத்தனை கிணறு, யாருக்கு எவ்வளவு என்று கேட்டல் கூடும்.

எம் மலைநாட்டுத் தோட்டங்களிற் பறிக்கப்படும் கொழுந்தை மிகுதியாக வாங்கும் நாடுகளின் வரிசையில் ஈராக் பல்லாண்டுகளாக முன்னிற்கின்றது. இஸ்திக்கான் எனப்படும் சிறு கண்ணாடிக் குவளையில், சீனி மிகச் சேர்த்து, கடுஞ்சாயமாக அவர்கள் அதனைப் பருகுவர். போரும் தடையும் வந்த காலத்திலும் அவ்வழக்கம் விடவில்லை. எங்கோ நடக்கும் யுத்தம் எமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. அங்கே சம்பளம் தடைப்படின் இங்கே கொழுந்தின் விலை அசையும். அங்கே அமைதி நிலைப்பின் இங்கும் ஒரு கூடை நிறையும். ஆகவே அந்நாட்டு மக்கள் தம் செல்வத்தின் கணக்கைத் தாமே எழுதும் காலம் வருக என விரும்புதல் நமக்கு அயலார்மீது கொண்ட இரக்கம் மட்டுமன்று. நம் நலமும் அதில் அடங்கியுள்ளது.